எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்: பயனர்களும் சேர்ந்து வடிவமைத்த கருவி

2018 செப்டம்பரில் 99.99 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இந்தக் கருவி, வீடியோ கேம் ஆடப் பயன்படும் வழக்கமான கன்ட்ரோலரை இரு கைகளாலும் பிடித்து ஆட இயலாதவர்களுக்கானது. செய்து முடித்த மாதிரியைக் கடைசியில் காட்டிக் கருத்துக் கேட்பது பல நிறுவனங்களின் வழக்கம். இதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் அப்படிச் செய்யாமல், மாற்றுத்திறனாளிகள் கேம் ஆட உதவும் ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல்எஃபெக்ட், வார்ஃபைட்டர் எங்கேஜ்ட் போன்ற அமைப்புகளையும், அவற்றின் வழியே மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களையும் வடிவமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது.

அதன் பலன் கருவியின் பின்விளிம்பில் தெரிகிறது. அங்கே வரிசையாக இருக்கும் 3.5 மி.மீ. ஜாக்குகள் (ஹெட்ஃபோன் செருகுவது போன்ற துளைகள்) ஒவ்வொன்றும் வழக்கமான கன்ட்ரோலரின் ஒரு பொத்தானுக்கோ அசைவுக்கோ உரியவை. அவற்றில் சுவிட்சைச் செருகி, கால், முழங்கை, முகவாய் என எந்த உறுப்பு நன்றாக அசைகிறதோ அதன் அருகில் வைத்துக்கொள்ளலாம். தனியே அமர்ந்து யோசிக்கும் பொறியாளர் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வடிவத்தைத் தேடியிருப்பார். இங்கோ, அப்படியொரு வடிவம் இல்லை என்பதை ஏற்று, கருவியை எப்படி அமைத்துக்கொள்வது என்ற முடிவைப் பயனரிடமே விட்டிருக்கிறார்கள். என் பார்வையில் இதுவே இதன் ஆகச் சிறந்த அம்சம். ஜாக்குகளுக்கு மேலே செதுக்கப்பட்ட பள்ளங்கள், கை நடுங்குபவரும் செருகியைத் தடவிக்கொண்டே சரியான இடத்தில் சேர்க்க உதவுகின்றன. பெட்டியைக்கூட, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிராமல், வளையங்களை இழுத்தே திறக்கலாம்.

விலை விஷயத்தில் இந்த அக்கறை தொடரவில்லை. பெரிய பொத்தான்கள் இரண்டும், திசைகளுக்கான பொத்தான் பலகையும், சில சிறு பொத்தான்களும் கருவியில் உள்ளன, ஜாய்ஸ்டிக் இல்லை. சுவிட்சுகளையும் ஜாய்ஸ்டிக்குகளையும் தனியே வாங்கினால், அவற்றின் செலவு கருவியின் விலையையே தாண்டிவிடக்கூடும். மற்றவர்களுக்கு ஒரே பெட்டியில் கிடைப்பதை மாற்றுத்திறனாளி மட்டும் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருப்பதை நியாயமான வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019இல் லாஜிடெக் நிறுவனம் பொத்தான்களும் டிரிகர்களுமாக (விரலால் இழுக்கும் விசைகள்) மொத்தம் 12 கொண்ட, இதில் இணைக்கும் தொகுப்பை வெளியிட்டபின் இந்தச் சுமை ஓரளவு குறைந்தது.

2023இல் வந்த சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலரில் ஜாய்ஸ்டிக் கூடவே வருகிறது. ஆனால் வெளிக்கருவிகளை இணைக்க அதில் 4 ஜாக்குகளே உண்டு. ஆகவே, கை ஓரளவு இயங்குபவர்களுக்குச் சோனியின் கருவியும், உடலின் வெவ்வேறு இடங்களில் சுவிட்சுகளை வைத்தாக வேண்டியவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ் கருவியும் பொருந்தும். எந்த அசைவு களைப்பின்றி நெடுநேரம் வருகிறது என்பதை ஒரு தொழில்வழி சிகிச்சையாளருடன் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு சுவிட்சுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.