ஸ்கூல் கிறிஸ்துமஸ் ஃபேர்ல என்ன விக்கலாம்: கேக்கா அச்சு முறுக்கா, மெழுகுவத்தியா ஓலை ஸ்டாரா?

டிசம்பர் பக்கத்துல வந்தாலே பேரண்ட்ஸ் வாட்ஸப் க்ரூப்புல இதே பேச்சுதான், நம்ம கிளாஸ் ஸ்டால்ல என்ன வைக்கலாம்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, கடைசில யாராச்சும் "பேசாம மொத்தக் கடையில வாங்கி வச்சு வித்துருவோம்"னு முடிச்சு வச்சுருவாங்க. எனக்கு அதுல சுத்தமா சம்மதம் இல்ல. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் இருக்கற நமக்கு கைவேலைக்கும் குறைவில்ல பலகாரத்துக்கும் குறைவில்ல, அப்புறம் எதுக்கு கடைச் சரக்கு? வழக்கமா வர்ற ஐடியாவ எல்லாம் எதிரெதிரா வச்சுப் பாத்துருவோம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, வாங்க வர்றது பாதிக்கு மேல பிள்ளைங்க. அதுங்க கையில இருபது ரூபா இருக்கும், மிஞ்சிப்போனா அம்பது.

முதல்ல கேக். பிளம் கேக் இல்லாம கிறிஸ்துமஸான்னு கேப்பீங்க, சரிதான், ஆனா ஸ்டாலுக்கு அது ஒத்து வராது. முந்திரி, கிஸ்மிஸ், வெண்ணெய், முட்டைன்னு சாமான் செலவே எகிறிரும் (ஸ்கூலுக்குங்கறதால பழத்த ரம்ல ஊற வைக்கற பேச்சே கிடையாது, திராட்சை ஜூஸ்தான்), ஓவன் யார் வீட்டுல இருக்குன்னு தேடணும், முழு கேக்க பிள்ளைங்க வாங்க முடியாது, துண்டு போட்டு வித்தா ஓரம் காஞ்சு உதிரும், சாயங்காலம் மிஞ்சுனது அப்படியே நஷ்டம். போதாததுக்கு அந்த மாசம் எந்த பேக்கரிக்குப் போனாலும் கேக்தான், பக்கத்து வீட்டுல இருந்து வர்றதும் கேக்தான்.

அச்சு முறுக்கு அப்படி இல்ல. பச்சரிசி மாவு, தேங்காப்பால், சீனி, முட்டை, கொஞ்சம் எள்ளு, அவ்ளோதான். அடுப்பும் இருப்புச்சட்டியும் எல்லார் வீட்டுலயும் இருக்கு, அச்சு மட்டும் நாலு வீட்டுல கேட்டா கிடைச்சுரும். அச்ச காயுற எண்ணெயில வச்சு நல்லா சூடாக்கிட்டு, மாவுல முக்கால்வாசி மட்டும் முக்கணும், மேல வரைக்கும் மாவு ஏறிட்டா முறுக்கு அச்ச விட்டு கழண்டு வராது. முதல் ரெண்டு மூணு படுத்தத்தான் செய்யும், அதுக்காக மாவ குறை சொல்லி இன்னும் தண்ணி ஊத்திராதீங்க, அச்சு எண்ணெய் குடிச்சு பதத்துக்கு வந்ததும் ஒரு குலுக்கு குலுக்குனா தானா விழும். வெயிட் இல்லாத பலகாரம்ங்கறதால நாலு வச்சாலே பொட்டலம் நிறைஞ்சு தெரியும், இருபது ரூபாய்க்கு தாராளமா குடுக்கலாம், விக்காம போனாலும் டப்பாவுல போட்டு மூடி வச்சா ரெண்டு வாரம் தாங்கும். பொரிக்கறது வீட்டுல பெரியவங்க வேலை, ஸ்டால்ல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எண்ணெய் கொதிக்க விடுற வேலையே வேண்டாம். பொட்டலத்து மேல "முட்டை சேர்ந்தது"ன்னு கண்டிப்பா எழுதுங்க, முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைங்களும் நம்ம ஸ்கூல்ல படிக்குது.

அச்சு முறுக்குக்கு ஒரே எதிரி மழை ஈரம், அரை மணி நேரம் திறந்து கிடந்தா நமத்துரும். 2023 டிசம்பர் 17, 18ல நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. பெஞ்சுது. அதனால கிரவுண்டுல பந்தல் போட்டு கடை வைக்கறத விட வராண்டாவே நல்லது.

மக்ரூன் போடலாமேன்னு தூத்துக்குடிக்காரங்க கேப்பாங்க. எனக்கும் உசிருதான், ஆனா வீட்டுல செஞ்சா பேக்கரி மக்ரூனோட ஒப்பிட்டுத்தான் பேசுவாங்க, முந்திரி விலையும் சேர்ந்துக்கும், ஈரக் காத்துல பிசுபிசுன்னு ஆகிரும். வேண்டாம்.

இனி கைவேலை. மெழுகுவத்தி பாக்க அழகு, ஆனா சூடான மெழுகுல பிள்ளைங்க கை வைக்க முடியாது, உருக்கறது ஊத்தறது எல்லாம் பெரியவங்க செஞ்சு கடைசில ரிப்பன் கட்டற வேலை மட்டும் பிள்ளைங்களுக்குக் குடுத்தா அது யாரோட ஸ்டால்?

நான் சொல்றது ஓலை ஸ்டார். பனை நம்ம மாநில மரம், மணப்பாடு பக்கம் ஓலை வேலைக்குப் பேர் போன இடம், குருத்தோலை ஞாயிறுக்கு சிலுவை மடிச்சுப் பழகுன பிள்ளைங்க கிளாஸ்ல பாதிப் பேராவது இருக்கும், அந்தக் கைக்கு ஸ்டார் மடிக்க ஒரு சாயங்காலத்துல வந்துரும். ஈர்க்க எடுத்துட்டு ஒரே அகலத்துக்கு கீறி, தண்ணியில ஊறப்போட்டுத்தான் மடிக்கணும், காஞ்ச ஓலைய மடிச்சா பட்டுன்னு ஒடிஞ்சுரும். மடிச்சு முடிச்சதும் நிழல்ல நல்லா காய விடுங்க, ஈரத்தோட அடுக்கி வச்சா ஒரே வாரத்துல பூஞ்சை பிடிச்சு எல்லாம் குப்பைக்குத்தான் போகும். ஒரு நூல் கோத்து விட்டா குடில்லயும் தொங்கவிடலாம், சவுக்கு கொப்புல வச்ச கிறிஸ்துமஸ் மரத்துலயும் தொங்கவிடலாம். கடையில வாங்குற பிளாஸ்டிக் ஸ்டார் பளபளன்னு இருக்கும்தான், ஆனா "இது நான் மடிச்சது ஆன்ட்டி"ன்னு ஒரு மூணாங்கிளாஸ் பிள்ளை நீட்டுறப்ப எந்த அம்மா வேண்டாம்னு சொல்லுவா?

வாழ்த்து அட்டை வரையறது நல்ல வேலைதான், ஆனா வரைஞ்ச பிள்ளையோட அப்பா அம்மா மட்டும்தான் வாங்குறாங்க. லக்கி டிப்ல பணம் கொட்டும்னு சொல்றாங்க, எனக்குப் பிடிக்கல, இருபது ரூபா குடுத்த பிள்ளை ஒரு ஒடஞ்ச சாவிக்கொத்தோட மூஞ்சிய தொங்கப் போட்டுட்டுப் போறத பாக்க முடியாது.

பெரியவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வைக்கலாம், சின்ன ஓலைக் கொட்டான்ல அச்சு முறுக்கு அடுக்கி, மேல ஒரு ஸ்டார் கட்டி, நூத்தம்பது ரூபா. யார் வீட்டுக்காச்சும் கிறிஸ்துமஸ் பலகாரம் குடுத்து விடுறவங்க இத விடமாட்டாங்க. பிளாஸ்டிக் கேரி பேக்க 2019 ஜனவரியிலயே தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்க, கொட்டான் இருந்தா அதுக்கும் தேவை இல்ல.

அரையாண்டுப் பரிட்சை குறுக்க வரும், அதனால ஓலை வேலைய நவம்பர்லயே முடிச்சுருங்க, முறுக்கு ஃபேருக்கு ரெண்டு நாள் முன்னாடி சுட்டா போதும். பெரியவங்களுக்கு க்யூஆர் கோடு ஒட்டிருங்க, ஆனா பிள்ளைங்க கையில நோட்டுதான் இருக்கும், பத்து ரூபா சில்லறை நிறைய மாத்தி வைங்க, சில்லறை இல்லன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பிராதீங்க.