லக்சரில் காலை ஆறு மணி: நைல் கப்பலா, மேற்குக் கரை அறையா?

நாங்கள் எகிப்து போய்த் திரும்பியதிலிருந்து மைத்துனர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: நைல் ஆற்றங்கரை ஊர்களான அஸ்வானையும் லக்சரையும் கப்பலில் மிதந்தபடி பார்ப்பதா, கரையில் அறை எடுத்துத் தங்கிப் பார்ப்பதா? எங்களுக்கு இரண்டும் வாய்த்தது. ஜனவரியில் அஸ்வானில் கப்பல் ஏறி மூன்று இரவு. லக்சரில் இறங்கியபின் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு சிறு விடுதியில் ஐந்து இரவு. நான், மனைவி, 72 வயது அப்பா. என் கட்சி கரைக் கட்சி. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கெய்ரோவைப் பற்றி இங்கே பேச்சில்லை. பிரமிடுகளுக்கும், 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய அருங்காட்சியகத்துக்கும் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். கப்பலா கரையா என்ற கேள்வி தெற்கே போனபிறகுதான் வருகிறது.

கப்பலின் நன்மைகளை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். வேளைக்குச் சாப்பாடு, கூடவே வழிகாட்டி. டாக்சிக்காரரிடம் பேரம் பேச வேண்டாம். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேரீச்சை மரங்கள், கரும்பு வயல், எருமை, அதன் பின்னால் உடனே பாலைவனம் என்று கரை நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பச்சைப் பட்டை எத்தனை மெல்லியது என்பது ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால்தான் புரிகிறது. சாயங்காலம் கோம் ஓம்போவை நெருங்கும்போது, ஆற்று வளைவில், கரைமேட்டில், விளக்கொளியில் கோயில் தூண்கள் எழுந்து வந்த காட்சியைக் காரில் போகிறவர்கள் பார்க்க வழியில்லை. முதலைத் தெய்வமான சோபெக்குக்கு ஒரு பாதி, பருந்துத் தெய்வமான ஹோரஸுக்கு மறு பாதி என்று ஒரே கூரையின் கீழ் இரட்டைக் கோயில். பக்கத்திலேயே முதலை மம்மிகளுக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகம். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

குறைகளும் தெரிந்தவைதான். துறையில் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாக நான்கைந்து வரிசை கட்டிவிடுகிறார்கள். கரைக்குப் போக மூன்று கப்பல்களின் வரவேற்பறைகளைத் தாண்டி நடக்க வேண்டும். 'நைல் பார்த்த ஜன்னல்' என்று பணம் கொடுத்து வாங்கிய ஜன்னலில், அடுத்த கப்பலின் ஜன்னலும் அதற்குள் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரும் தெரிந்தார்கள். டீசல் புகையும் உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் கட்சி மாறியதற்குக் காரணம் வேறு: கடிகாரம்.

அஸ்வானுக்கும் லக்சருக்கும் இடையே ஆற்று வழி ஏறக்குறைய 220 கிலோமீட்டர். அதில் நின்று பார்க்கும் கோயில்கள் முக்கியமாக இரண்டு, கோம் ஓம்போவும் எட்ஃபூவும். எல்லாக் கப்பல்களும் ஏறத்தாழ ஒரே கால அட்டவணையில்தான் ஓடுகின்றன. ஆகவே எட்ஃபூவில் விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பி, குதிரை வண்டிகளில் ஏற்றி, ஒரே நேரத்தில் ஹோரஸ் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடித்த கோயில் அது. எகிப்தில் இவ்வளவு முழுமையாகக் கூரையோடு நிற்கும் கோயில் அரிது. அதன் கருவறைக்குள் நான் பார்த்தது பிறருடைய பிடரிகளையும் தூக்கிப் பிடித்த கைபேசிகளையும்தான். ஒன்றரை மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பியாக வேண்டும். பிறகு மேற்குக் கரை விடுதியில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்த தம்பதி, லக்சரிலிருந்து கார் வைத்து அதே கோயிலுக்கு மதியம் போனார்களாம். இருபது பேர்கூட இல்லை என்றார்கள். வெயில் கடுமைதான், ஆனால் கூரைக்குக் கீழே வெயில் என்ன செய்யும்?

அடுத்தது எஸ்னா. அங்கே தடுப்பணையில் கப்பல்கள் இரண்டிரண்டாக ஒரு தொட்டிக்குள் நுழைந்து, நீர்மட்டம் இறங்கியபின் மறுபக்கம் வெளியேற வேண்டும். எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து, மேல்தளத்துக்குத் துணிமூட்டைகளை வீசி, கீழிருந்தே பேரம் பேசினார்கள். ஒரு மணி நேரம் நல்ல வேடிக்கை. அதன்பின் எரிச்சல். லக்சரைச் சேரும்போது இரவு வெகுநேரம் ஆகிவிட்டதால், அன்று மாலை பார்த்திருக்க வேண்டிய லக்சர் கோயில் பட்டியலிலிருந்து கழன்றுவிழுந்தது. மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். ஏழு கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பாலத்தைச் சுற்றிப் பஸ் மேற்குக் கரைக்குப் போனது. பண்டைய மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர் பள்ளத்தாக்கில் இறங்கியபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்பே கப்பல் பஸ்கள் நின்றிருந்தன. சிறிது நேரத்தில், செங்கடல் ஓரத்து ஹுர்காதாவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கல்லறைக்குள் நின்று ரசிக்க முடியவில்லை. வரிசை தள்ளிக்கொண்டு போய் மறுபடி வெளியே விட்டது. உள்ளே வியர்வையும் மூச்சுக்காற்றும் சேர்ந்து மழைக்காலத்துப் பஸ் போல ஒரு புழுக்கம். அந்த ஈரம்தான் சுவர் ஓவியங்களுக்கும் எதிரி என்பதை நினைத்தால், நின்று பார்ப்பதே குற்றம்போலத் தோன்றியது.

மதியம் கப்பல்காரர்கள் விடைகொடுத்தார்கள். விடுதிக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "எல்லாம் பார்த்தாயிற்று. எதைப் பார்த்தேன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை."

இனி கரை. மேற்குக் கரையில் தங்கினால் மன்னர் பள்ளத்தாக்கு காரில் கால் மணி நேரம். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். ஜனவரியில் அப்போது சூரியன்கூட உதித்திருக்காது. வயல்களுக்கு மேலே வெப்பக்காற்றுப் பலூன்கள் ஊதி எழுந்துகொண்டிருந்தன. டிக்கெட் சாளரத்தில் எங்களையும் சேர்த்து ஏழு பேர். (ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை கட்டாயம் கையில் வேண்டும்.) பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள். துட்டன்காமுன், முதலாம் சேட்டி, ஐந்தாம்–ஆறாம் ராமசேஸ் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். துட்டன்காமுனை நாங்கள் விட்டுவிட்டோம். புதையல் பெரும்பாலும் கெய்ரோவில் இருக்கிறது, மம்மிதான் இங்கே. ஆறாம் ராமசேஸுக்குக் காசு கொடுத்தோம். அந்தக் கல்லறையின் கடைசி அறைக் கூரையில் வான்தேவி நூத் நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், அது இரவெல்லாம் அவள் உடலுக்குள் பயணிக்கிறது, காலையில் மறுபடி ஈன்றெடுக்கிறாள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். உள்ளே நாங்கள் மூவரும் ஒரு காவலரும் மட்டும். வெளியே வந்தபோது குன்றின் உச்சியில் வெயில் ஏறியிருந்தது. சுவர்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பழைய பயணிகள் கிறுக்கிவைத்த பெயர்களைக்கூட நிதானமாகத் தேட நேரமிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சுற்றுலாப் பயணிக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருந்ததில்லை.

முதியவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு சொல்: நான்காம் ராமசேஸ் கல்லறை ஏறக்குறைய நேர் பாதை, சரிவும் குறைவு. மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்கு இரும்புப் படிகளில் மலைப்பிளவுக்கு ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் கூட்டத்தோடு வந்தபோது இந்தத் தேர்வே எங்கள் கையில் இல்லை. வழிகாட்டி எந்த வாசலைக் காட்டினாரோ அதுதான்.

கூட்டத்தைத் தவிர்ப்பது மட்டும் இதில் லாபம் இல்லை. எகிப்தியக் கோயில்களின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பெரும்பாலும் கல்லுக்குள் குடைந்து செதுக்கியவை. அவற்றை எழுதுவது பாதி உளி, பாதி நிழல். தலைக்கு நேர் மேலே வெயில் நிற்கும்போது சுவர் வெறும் பழுப்புப் பலகை. சாய்வெயில் பட்டால் அதே சுவரில் ரதம், வில், கைதிகள் எல்லாம் எழுந்து வருகின்றன. மேற்குக் கரையிலேயே இருக்கும் மதினத் ஹாபு கோயிலில் இது நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் ராமசேஸ் தன் பெயரை யாரும் சுரண்டிவிடக் கூடாது என்று நினைத்தவன் போல, கை நுழையும் ஆழத்துக்கு எழுத்துகளை வெட்டவைத்திருக்கிறான். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, 'சரி, இன்னொரு கோயில்' என்று வந்துவிட்டோம். விடுதியிலிருந்து நடந்து போகிற தூரம்தானே என்று இரண்டு நாள் கழித்துப் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி போனால், முகப்புக் கோபுரத்தில் எதிரிகளின் முடியைப் பிடித்து ஓங்கி நிற்கும் மன்னனின் கையில் நரம்பு தெரிகிறது. இரண்டாம் முற்றத்தில் தூண்களுக்கு மேலே நீலமும் சிவப்பும் இன்னும் உதிராமல் இருக்கின்றன. கப்பல்காரர்களின் பட்டியலில் மதினத் ஹாபு இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் ஒருமுறைதான், அவர்கள் சொல்லும் நேரத்தில்தான்.

மறுபடி போக முடிவதன் அருமையை ரோமானியர்கள் அறிந்திருந்தார்கள். சாலையோரத்து மெம்னோன் சிலைகளில் ஒன்று அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஓசை எழுப்புமாம். கேட்கப் பேரரசர் ஹாட்ரியனே கி.பி. 130இல் வந்தார். முதல் நாள் சிலை வாய் திறக்கவில்லை என்று கூடவே வந்த ஜூலியா பால்பிலா என்ற பெண் புலவர் கவிதை எழுதி, அதைச் சிலையின் காலிலேயே பொறித்தும் வைத்திருக்கிறார். இருந்து, பிறகு கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கப்பல்காரர்கள் அந்தச் சிலைகளுக்கு எங்களுக்குத் தந்தது பத்து நிமிடம், படம் எடுக்க.

கரையில் இருந்ததால் கிடைத்த இன்னொன்று டெண்டரா. லக்சருக்கு வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஹாத்தோர் என்ற தேவியின் கோயில் மண்டபத்துக் கூரையில் நூற்றாண்டுகளாகப் படிந்திருந்த கரியைத் துடைத்தெடுத்திருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் நேற்று அடித்த வண்ணம் போல நீலம். தெற்கே ஓடும் வழக்கமான கப்பல்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. போகும் வழியில் கிஃப்ட் என்ற ஊர். பழைய பெயர் கோப்டாஸ். ரோமானியர் காலத்தில் நம் நாட்டுக் கடற்கரையிலிருந்து போன மிளகு, செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து இங்கே வந்துதான் நைல் படகேறியது. அந்தத் துறைகளில் ஒன்றான பெரனிகேயில் ஒரு சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. இன்னொரு துறையான குசெய்ர் அல்-கதீமில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கிஃப்டில் இன்று இறங்கிப் பார்க்க அதிகம் இல்லை. இருந்தாலும் டிரைவரை நிறுத்தச் சொல்லி ஒரு டீ குடித்தோம்.

கரையின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. பக்‌ஷீஷ் கேட்காத கை குறைவு. கல்லறைக் காவலர் தானாக வந்து விளக்கடித்துக் காட்டிவிட்டுக் கையை நீட்டுவார். சில்லறை எப்போதும் பையில் இருக்க வேண்டும். முதல் நாள் அமர்த்திய ஒரு டிரைவர் நாங்கள் கேட்காமலே ஒரு கல்சிலைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் வேறு டிரைவர். கிழக்குக் கரைக்குப் பொதுப் படகில் போய்விடலாம், கட்டணம் அற்பம், ஆனால் இறங்குமிடத்தில் குதிரை வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை: சோறும் பருப்பும் கலந்த கோஷரி, அவரைப்பருப்பை வேகவைத்த ஃபூல், அதே பருப்பில் சுட்ட தாமியா என்று கப்பல் பஃபேயைவிட மலிவாகவும் சூடாகவும் கிடைத்தது.

பணக் கணக்கில் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் ஏறியது ஒரே ஒரு கப்பல், அதுவும் நடுத்தர விலைக் கப்பல். உயர்ரகக் கப்பல்கள் நேரத்தை வேறுமாதிரி கையாளக்கூடும். தஹபியா என்ற சிறு பாய்மரப் படகுகளும் உண்டு. பெரிய கப்பல்கள் நிற்காத கெபெல் எல் சில்சிலா கல்குவாரிகளில் அவை நிற்கும். அதில் போகாததால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. போனவர்கள் சொல்வதைக் கேட்டால் என் வாதத்தின் பாதி அடிபட்டுப்போகலாம். கோடைக்காலம் பற்றியும் அப்படித்தான். 40 டிகிரியைத் தாண்டும் ஜூலையில், மதிய நேரத்துக் காலிக் கோயிலை நான் இவ்வளவு புகழ்வேனா என்பது சந்தேகம்.

மைத்துனருக்கு நான் வகுத்துக் கொடுத்தது இது: அஸ்வானில் இரண்டு இரவு, அதில் ஒரு விடியற்காலை அபு சிம்பல் கோயிலுக்கு. பிறகு கார் வைத்துக்கொண்டு கோம் ஓம்போ, எட்ஃபூ வழியாக லக்சர், மேற்குக் கரையில் நான்கு இரவு. அவர் மாமியார் உடன் வருவதாக இருந்தால் மட்டும் கப்பல், அதுவும் கப்பல் இறக்கிவிடும் நாளிலேயே விமானம் ஏறாமல் லக்சரில் இரண்டு நாள் சேர்த்து. மாமியார் வருகிறார். கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். நேற்று மைத்துனர் போன் செய்து, ஆறு மணிக்கு டிக்கெட் சாளரம் நிஜமாகவே திறக்கிறதா என்று கேட்டார்.