கியர் மாற்றும் வேகம்: பிளிப்பா, ஹீல் அண்ட் டோவா, டபுள் கிளட்சா?

கியரை வேகமாக மாற்ற வேண்டும் என்றதும் பலரும் கையைத்தான் பழக்கப் பார்க்கிறார்கள். லீவரைப் பட்டென்று அடித்துத் தள்ளினால் போதும் என்று நினைப்பு. ஆனால் நேரம் பிடிப்பது இன்ஜின் சுற்றுதான். ஒரு சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரின் விகிதம் (கியர்பாக்ஸின் வெளித் தண்டு ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்ற வேண்டும் என்பது) 1.28 அளவிலும், இரண்டாவதன் விகிதம் 1.9 அளவிலும் இருக்கும். மூன்றாவதில் 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) போகும்போது அதே வேகத்தில் இரண்டாவதுக்கு இறக்கினால், இன்ஜின் சுமார் 3700-இல் சுற்றியாக வேண்டும். இடையில் உள்ள அந்த 1200 சுற்றை யார் ஏற்றுவது? நாம் ஏற்றாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துதான் ஏற்றும். காரும் முன்பக்கம் குனிந்து ஒரு குலுக்கு குலுக்கும். எல்லா முறைகளையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

இருப்பதிலேயே எளிது பிளிப். கிளட்சை அமுக்கி லீவர் நியூட்ரலைக் கடக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, சுற்று ஏறிய கையோடு கிளட்சை விட்டுவிடுவது. லாரியை ஓவர்டேக் செய்ய நான்கிலிருந்து மூன்றுக்கு வரும்போது இதைவிட வேகமான வழி கிடையாது. கால் எப்படியும் ஆக்சிலரேட்டருக்குத்தான் போகப் போகிறது, கொஞ்சம் முன்னாலேயே போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தட்ட வேண்டும் என்பதைக் காது ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். டீசல் கார் என்றால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரம் கனமானது, சுற்று மெதுவாகத்தான் ஏறும். அதனால் தட்டுவதைவிட, ஒரு நொடி அழுத்திப் பிடிப்பதுபோல் செய்தால் சரியாக வரும்.

பிளிப்பின் ஒரே குறை, அதே நேரத்தில் பிரேக்கும் பிடிக்க முடியாது என்பது. ஹீல் அண்ட் டோ அதற்குத்தான். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, பாதத்தின் வெளி ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டுகிறோம். பெயரில் குதிகால் இருந்தாலும், இன்றைய பெடல் அமைப்பில் பலருக்கும் பாதத்தின் ஓரம்தான் வசதி. ஜப்பானின் சுசுகா டிராக்கில் ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் செனா ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரை சாதாரண லோஃபர் ஷூவோடு ஓட்டும் பழைய வீடியோவைத் தேடிப் பாருங்கள். பிரேக் அழுத்தம் மாறாமல் வலது கால் ஆடும் ஆட்டம் அப்பட்டமாகத் தெரியும்.

ஆனால் இதை நம் ஊர்ச் சாலையில் பழக முயன்றவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட உயரமாக இருக்கிறது. பிரேக்கை நன்றாக அழுத்தினால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு வளைவுக்கு முன் அப்படி மிதிப்பது சகஜம். பூந்தமல்லி சிக்னலுக்கு மிதிக்கும் மிதியில் பெடல் மேலேயே நிற்கும், பாதம் கீழே எட்டாது. எட்டவைக்கப் போனால் பிரேக் தாறுமாறாகப் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஆக்சிலரேட்டர் கேபிளுக்குப் பதில் மின்னணுவில் இயங்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில கார்களில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் பாதுகாப்புக்காக இன்ஜின் அடங்கிவிடும். உங்கள் காரில் அப்படி இருந்தால் இந்த முறையையே மறந்துவிடலாம்.

சரி, மலையில்? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வளைவுக்கு வளைவு ஹீல் அண்ட் டோ போடுவது வீண் வேலை. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவதைப் போட்டு, கீழே வரும்வரை இன்ஜின் பிரேக்கிங்கில் வருவதுதான் சரி.

டபுள் கிளட்ச் என்றாலே ஒரு மரியாதை உண்டு. கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து கியர். நியூட்ரலில் கிளட்சை விடுவதால் கியர்பாக்ஸின் உள் தண்டும் இன்ஜினோடு சேர்ந்து வேகம் பிடிக்கிறது. சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானே சமன் செய்யும் அமைப்பு) இல்லாத பழைய லாரிகளில் இது இல்லாமல் கியர் விழாது. ஆனால் 1928-இல் அமெரிக்க கார் நிறுவனமான காடிலாக் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ், அதாவது சிங்க்ரோ, இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கூம்பு வளையங்கள் உரசி வேகத்தைச் சமன் செய்தபிறகே கியர் விழும். ஆகவே இன்றைய காரில் இதனால் வேகம் குறையத்தான் செய்யும், இரண்டு தடவை மிதிக்க வேண்டுமே. சிங்க்ரோ தேய்ந்து இரண்டாவது கியர் கரகரக்கும் பழைய வண்டிக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறக்கவும் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

கியரை ஏற்றும்போது கணக்கு தலைகீழ்: சுற்று இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விடாமலே கிளட்சை உதைத்து மாற்றும் ஃப்ளாட் ஷிஃப்ட் கேட்க அருமையாக இருக்கும். 2008 ஷெவர்லே கோபால்ட் எஸ்எஸ் போன்ற சில கார்களில் இதற்கென்றே மின்னணு ஏற்பாடு இருந்தது. அது இல்லாத காரில் ஃப்ளாட் ஷிஃப்ட் செய்தால் கிளட்சுக்கும் சிங்க்ரோவுக்கும் சேர்த்து செலவு வைக்கிறோம். மிச்சமாகும் துளி நேரத்துக்கு இது தகாது. மேலும் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக்காக, காலை எடுத்தாலும் சுற்று உடனே இறங்காது. அந்த வண்டிகளில் கியரைப் பறித்துப் போட்டால் குலுங்கும். சுற்று இறங்கும்வரை கால்நொடி பொறுப்பதுதான் அங்கே வேகம்.

கிளட்சே இல்லாமல் மாற்றுவது கிளட்ச் கேபிள் அறுந்த அன்று வீடு சேர உதவும். மற்றபடி வேண்டாம்.

கடைசியாக, கை. லீவரை இறுகப் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நியூட்ரலில் லீவரைத் தானாகவே 3-4 வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டிலிருந்து மூன்றுக்கு உள்ளங்கையால் நேராகத் தள்ளினால் போதும். ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது அவசரத்தில் லீவரை இடப்பக்கம் அழுத்தினால் அது இரண்டில் போய் விழும். ஐந்தில் 2800-இல் ஓடிய இன்ஜின் 7000-ஐத் தொடும். சுற்று எல்லை மீறாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. வால்வும் பிஸ்டனும் மோதினால் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.