தரையை வெட்டி ஐந்து கியர் ஏற்றிய அம்பாசடர்: ஆறு வருடம், 38,000 கி.மீ.

கார் ஐயா வாங்கியது. 1968 அம்பாசடர் மார்க் 2, 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். இருக்கும் நாலு கியரில் முதலாவதற்கு சின்க்ரோ, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுசாக நின்றால் விழும், இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் இரண்டு நாளைக்குக் காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். 2019 தையில், உடைப்புக்கு வந்த ஒரு இசுசு 1.8 அம்பாசடரின் ஐந்து கியர் பெட்டியை வாங்கி இதில் ஏற்றினேன். இன்ஜினைத் தொடவில்லை.

இரண்டும் அம்பாசடர்தானே, பூட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் தகட்டை லேத்தில் கடைந்து வாங்கியாயிற்று. அது சுலபம். சிக்கல் தரையில் இருந்தது.

அம்பாசடருக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) இல்லை. தரைத்தகடு, கதவுக்கடி ஓரங்கள், நடுவில் மேடாக ஓடும் டனல், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் பாரம் சுமக்கின்றன. போதாக்குறைக்கு முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் முறுக்குக் கம்பிகள், அதாவது டார்ஷன் பார், இரண்டும் பின்னோக்கி நீண்டு, குறுக்குச் சட்டத்தில்தான் பிடிப்பாகின்றன. புதுப் பெட்டியின் வால் சரியாக அந்தச் சட்டத்தின் நடுவில் போய் முட்டியது.

முதலில் விட்ட பட்டறையில் யோசிக்கவே இல்லை. சட்டத்தின் நடுவை கேஸ் கட்டரில் அறுத்தார்கள், டனல் மேல்பாகத்தைப் பிளந்தார்கள், 20 கேஜ் தகட்டை வளைத்து ரிவிட் அடித்து மூடினார்கள். மூன்று மாதம் ஓடியது. பிறகு வலது முன்பக்கம் இரண்டு விரல்கடை இறங்கியது. பின்கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிவந்தது. குன்றக்குடிப் பாதையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அடியில் ஒரு ‘டொக்’. முறுக்கேறிய கம்பி தன் பிடிமானத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து தேவகோட்டையில் ஒரு டிங்கரிடம் போனேன். முதல் நாள் முழுக்க டேப் வைத்து அளந்தார், ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. “வெட்டுறது அரை நாள் வேலைண்ணே. எடுத்த பலத்தத் திருப்பிக் குடுக்கத்தான் பத்து நாளு” என்றார். பதினாறு நாள் ஆனது.

அவர் செய்த விதத்தை விரிவாகச் சொல்கிறேன், இதில் இறங்குகிறவர்களுக்கு உதவும். காரை ஜாக்கியில் தூக்காமல், மட்டம் பார்த்த தரையில் சக்கரத்திலேயே நிறுத்தினார். கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக ஒட்டினார். தரையை வெட்டும்போது கார் நடுவில் தொய்யாமல் இருக்க. மூலைக்கு மூலை அளவைச் சுவரில் எழுதிவைத்து, தினமும் காலையில் சரிபார்த்தார். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், பேட்டரி வயர் எல்லாம் கழற்றிய பிறகுதான் வெல்டிங். டார்ஷன் பாரின் முறுக்கை முதலிலேயே தளர்த்திவிட்டார். சட்டத்தின் அறுபட்ட இரு முனைகளையும் 3 மி.மீ. தகட்டில் பெட்டிபோல மூடி, கியர் பெட்டிக்குக் கீழே வளைந்து போகும் பாலம் ஒன்றால் இணைத்தார். அந்தப் பாலம் மட்டும் போல்ட். அதையும் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு கிளட்ச் வேலைக்கும் அறுக்கவேண்டியதுதான். டனல் இரண்டு அங்குலம் உயர்ந்தது, 20 கேஜைவிடத் தடித்த 18 கேஜ் தகடு, சிஓ2 வெல்டிங். இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம்.

ஓட்டிப் பார்த்ததில்: 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 3,100 சுற்று சுற்றிய இன்ஜின் இப்போது 2,600-ல் ஓடுகிறது. லிட்டருக்கு 9 கொடுத்தது 10.5 கொடுக்கிறது, இதற்காக யாரும் காரை வெட்ட வேண்டாம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றி வந்தோம், இடது கால் வலிக்கவில்லை. கதவுகள் இன்றும் ஒரு விரலில் சாத்துகின்றன. எனக்கு இதுதான் பெரிசு.

குறைகளும் உண்டு. இரண்டாம் வருட ஐப்பசி மழையில் பெட்டிபோல மூடிய சட்டத்துக்குள் தண்ணீர் புகுந்து, செம்மண் சேறு உள்ளேயே காய்ந்து துருவைக் கிளப்பியது. வடிகால் ஓட்டை போட மறந்திருந்தோம். ஓட்டை போட்டு, உள்ளே மெழுகு மருந்து அடித்த பிறகு பிரச்சினை இல்லை. கீழே பாலம் வந்ததால் ஒரு அங்குல உயரம் போனது, ஆள் நிறைய ஏறினால் வேகத்தடையில் உரசும். சித்திரை வெயிலில் டனல் பக்கக் கால் வேகும். ஃபெல்ட் போட்டதில் பாதி குறைந்தது. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு) இரண்டு முறை போயிற்று. கியர் பெட்டியின் வால் கீழே தொங்கி, பின் ஆக்சிலின் கோணத்தோடு ஒத்துப்போகவில்லை. மவுண்ட்டுக்கடியில் 6 மி.மீ. பட்டை வைத்துத் தூக்கியதும் அடங்கியது. 65-லிருந்து 70 கி.மீ. வேகம் வரை ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் மிச்சம்.

இன்னொன்று எனக்கு உறைத்தது 2021-ல். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசை எண்ணோடு விண்டேஜ் பதிவு வந்தது. சேஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் கார் வயதில் பாஸ், தரையில் ஃபெயில். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் வெட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள், நான் பிறகுதான் படித்தேன்.

அப்பத்தாவின் கணக்கு வேறு. முன்சீட்டு நடுவில் உட்கார்ந்து வருவது அவர் வழக்கம். இப்போது அங்கே கியர் கம்பி நிற்கிறது. “ஏன்டா அப்பா, அஞ்சாவது கியரு போட எம் எடத்தையா எடுத்த?” என்றார். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் போகும்போதெல்லாம் பின்சீட்டில் ஏறும்முன் இதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்.

வருகிற ஆவணியில் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டும். ஆறு வருடச் சேற்றுக்குப் பிறகு அந்தப் பாலத்தின் போல்ட்டுகள் கழல்கின்றனவா என்று அப்போது தெரியும்.