கொழும்பில் முகாமைத்துவம் படித்தேன்: ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன்

உயர்தர முடிவு வந்த கையோடு வணிகப் பிரிவுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, முகாமைத்துவத்துக்குக் கொழும்பைப் போடவா, இல்லை பக்கத்தில் பேராதனையைப் போடவா?" போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்துக்கு நான் போனது 2016இல். நான்கு வருடப் படிப்பு. அதற்குப் பிறகு இந்த ஐந்து வருடமும் அந்தப் படிப்பை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். வீடு மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தவர்.

முதலில் கோட்டா விஷயம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. முதல் வருடம் ஒருத்தி, "உங்க மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்க பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடம் கணக்கீட்டுக்கு ஆசிரியரே இல்லை. மூத்த பிள்ளைகளின் பழைய கொப்பிகளை வைத்துக்கொண்டு படித்தோம். அந்தப் பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை. தங்கச்சிமாரே, நீங்கள் அதை முதல் நாளே சொல்லுங்கள். அந்த 5 வீதம் யாரும் போட்ட பிச்சை இல்லை.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். ஐந்தொகை, பெறுமானத்தேய்வு என்று நாம் படித்ததெல்லாம் அங்கே பேலன்ஸ் ஷீட், டிப்ரிஸியேஷன். விஷயம் தெரியும், பெயர் தெரியாது. முதல் ஆறு மாதம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். என்னைக் கரை சேர்த்தது குப்பி. கெம்பஸ் போகாதவர்களுக்குச் சொல்வதானால், பரீட்சைக்கு முன்னால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிற இரவு வகுப்பு அது. குருநாகல் பிள்ளை ஒருத்தி சிங்களத்தில் சொல்லுவாள், நான் தமிழில் குறித்துக்கொள்வேன், விடையை இருவரும் ஆங்கிலத்தில் எழுதுவோம். என் சிங்களம் தேறியதும் அங்கேதான். இன்று வேலையில் அது ஆங்கிலத்துக்குச் சமமாக உதவுகிறது.

இரண்டாம் வருடம் கிரயக் கணக்கீட்டு வகுப்பில் ஒரு நாள் தேயிலைத் தொழிற்சாலையை உதாரணமாக எடுத்தார்கள். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. பதினெட்டு கிலோ எடுத்த அம்மாவின் ஒரு நாள், நான்கு கிலோ தூள். எனக்கு முன்னால் இருந்த பலகையில் அது 'நேரடிக் கூலி' என்ற வரிசையில் இருந்தது, எல்லாவற்றிலும் பெரிய தொகையாக. செலவைக் குறைக்க வழி கேட்டார் விரிவுரையாளர். ஆளைக் குறைக்கலாம் என்றான் ஒருவன். நாள் இலக்கைக் கூட்டலாம் என்றாள் இன்னொருத்தி. அந்த வகுப்பில் நான் கை தூக்கியது அன்றுதான் முதல் தடவை. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலையில் இருபது கிலோவுக்குக் கொழுந்து எங்கே இருக்கும், மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து சரிவில் நிற்கிறவருக்கும் வெயில் நாளில் நிற்கிறவருக்கும் ஒரே இலக்கு எப்படி நியாயம் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் குறுக்கிடவில்லை. அடுத்த வாரம் இதையே பிரசன்டேஷனாகச் செய்யச் சொன்னார். அதற்காகத் தேடும்போதுதான் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். நாள் சம்பளம் 730 ரூபாய் என்று ஊரெல்லாம் பேசியதில் அடிப்படைச் சம்பளம் 500தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவின் சம்பளச் சிட்டையை வாங்கிப் பென்சிலோடு உட்கார்ந்தேன். இரண்டு நாளுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டிருந்தது. அம்மா சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் காட்டினார். முழுப்பேர் எடுத்த நாளில் குங்குமப் பொட்டு, அரைப்பேர் நாளில் கரிக்கோடு, வேலைக்குப் போகாத நாள் வெறுமை. அந்த இரண்டு தேதியிலும் பொட்டு இருந்தது. வருடக்கணக்காக அம்மா ஒரு செக்றோலை, ஆபிசில் வைக்கிற வரவுப் பதிவேட்டைப் போலவே, வீட்டுச் சுவரில் எழுதி வந்திருக்கிறார், எனக்கு அது தெரியாது. "எனக்கு நாள் கணக்குத் தெரியும், காசுக் கணக்குத்தான் புரியாது" என்றார். காலண்டரைக் கழற்றிக்கொண்டு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோடு ஆபிசுக்குப் போனோம். அடுத்த மாதச் சிட்டையில் சரிசெய்து போட்டார்கள். சிறு தொகைதான். ஆனால் நான் அந்தப் படிப்பை நம்பத் தொடங்கியது அந்தச் சிட்டையிலிருந்து.

காசு விஷயம் சுருக்கமாக. என் காலத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாய். விடுதி கிடைக்கும் வருடம் சமாளிக்கலாம், கிடைக்காத வருடம் வெள்ளவத்தையில் நாலு பேர் ஒரு அறை. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மேலதிகமாகக் கையில் ஏதாவது வேண்டும். நான் சனி, ஞாயிறில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அதனால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடிந்தது. இரவு அஞ்சல் ரயிலில் ஏறி, நள்ளிரவு தாண்டி ஹட்டனில் இறங்கி, முதல் பஸ் வரும்வரை ஸ்டேஷன் வாங்கில் குளிரில் இருப்பேன். பேராதனை என்றால் இந்தக் கஷ்டம் பாதியாகியிருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வளாகம் சில வாரம் மூடப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கடைசி வருடம் லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, வந்துவிட்டது. எங்கள் காம்பரா அறைக்குள் சிக்னல் இல்லை. கோயில் மேட்டில் குடையோடு நின்று சூமில் விரிவுரை கேட்டேன். பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா இலவசமாகக் கிடைத்தது, அது இல்லாவிட்டால் படிப்பை முடித்திருக்க மாட்டேன்.

குறை என்று சொன்னால் வேலை தேடும் கட்டத்தைச் சொல்வேன். கொழும்புப் பிள்ளைகளுக்குப் பயிலுநர் இடம் அப்பாவின் நண்பர் மூலம் வந்தது. பீடம் ஒரு பட்டியலைக் கையில் தந்ததோடு சரி. ஒரு நேர்முகத்தில் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டத் துரையின் மகளா?" என்று கேட்டார்கள். இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் சுருங்கிவிட்டன. நான்காவது இடத்தில்தான் எடுத்தார்கள். இன்னொரு குறை, பாடங்களில் வந்த கம்பனிகள் எல்லாம் பெரிய கம்பனிகள். ஹட்டன் பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடை கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நான் கணக்குப் பார்க்கிறது அப்படியான கடைகளுக்குத்தான்.

ஐந்து வருடத்தில் எது நின்றது? ஒரு தொழிலின் போட்டியை அளக்கிற மைக்கேல் போர்ட்டரின் ஐந்து சக்திகளை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. காசு வருவதையும் போவதையும் காட்டுகிற காசோட்டக் கூற்றை எடுக்காத நாள் இல்லை. 2022இல் 200 ரூபாய் டொலர் சில வாரத்தில் 300ஐத் தாண்டி 360 வரை போனது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. நான் அப்போது இருந்த நிறுவனம் வங்கி மேலதிகப் பற்றில் (ஓவர்டிராஃப்ட் கடனில்) ஓடிக்கொண்டிருந்தது. இலாபம் காட்டுகிற வியாபாரம் கையில் காசில்லாமல் விழலாம் என்று மூன்றாம் வருட நிதி வகுப்பில் சொன்னதை அந்த மாதங்களில் கண்ணால் பார்த்தேன். எந்தக் கடனாளியை முதலில் கூப்பிடுவது, எந்தச் சரக்கை நிறுத்துவது என்று வரிசை போட எனக்குத் தெரிந்திருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பட்டயக் கணக்காளர் பரீட்சையைப் பக்கத்தில் சேர்த்துப் படிக்க எண்ணமிருந்தால் கொழும்பை முதலில் போடுங்கள். வகுப்பும் அங்கே, பயிற்சி எடுக்கிற கணக்காய்வு நிறுவனங்களும் பெரும்பாலும் அங்கே. வீட்டில் பார்க்க ஆளில்லாத அப்பா அம்மா இருந்தால், சின்னத் தம்பி தங்கச்சிமார் இருந்தால், பேராதனையை முதலில் போடுங்கள், அதில் வெட்கமில்லை. எங்கே போனாலும், முடிவு வந்து அனுமதி கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்கும் எக்செலுக்கும் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை, அதற்கான விலையைக் கெம்பஸில் முதல் வருடம் முழுக்கக் கட்டினேன்.

அம்மா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பத்திரங்களை நான்தான் நிரப்பினேன். அதைப் பார்த்துவிட்டு லயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்டையோடு வருகிறார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டியவர்களும் அன்றைக்கே வாருங்கள், பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.