பழைய மில்லில் ராக் கச்சேரி: எர்த் மோசம், கேட்கிற ஆட்கள் அருமை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில், ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லைக் கூட்டிப் பெருக்கி, ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் வாடகைக்கு விடுகிறார் ஒரு அண்ணன். போர்டு கிடையாது, "பழைய மில்லு" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நாங்கள் நாலு பேர், புராக்ரெசிவ் ராக் வாசிக்கிறோம், அதாவது நீளமான பாட்டு, சிக்கலான தாளம் என்று போகிற ராக்; நான் பேஸ் கிடார். மூன்று தடவை அங்கே வாசித்தாயிற்று.

முதலில் குறைகள். எர்த் சரியில்லை; கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் சுள்ளென்று அடிக்கும், பாடுகிறவன் மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டித்தான் சமாளித்தான். தகரக் கூரை, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் சிம்பல் எது கூரை எது என்று தெரியாது. எதிரொலியைக் குறைக்கச் சுவரோரம் உமிச் சாக்கு அடுக்கியிருக்கிறார்கள், ஆச்சரியமாக அது நன்றாகவே வேலை செய்கிறது, என்ன, நடு பாட்டில் தும்மல் வரும். ஒரே ஒரு கழிப்பறை. ஒரு சாயங்காலத்துக்கு ஸ்பீக்கர், மிக்சர் சேர்த்து 2,500 ரூபாய், டிரம்ஸ் நம்முடையது.

இவ்வளவுக்கும் அங்கேயே போகிறோம் என்றால் காரணம் கேட்கிற ஆட்கள்தான்.

ஆட்களைத் தேடி நாங்கள் செலவழித்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு புரமோஷன் கம்பெனிக்கு 6,000 ரூபாய் கட்டினோம். ஒரே வாரத்தில் ஸ்பாட்டிஃபையில் எங்கள் பாட்டைக் கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது, எந்த ஊர் என்று பார்த்தால் எல்லாம் நாங்கள் பேரே கேள்விப்படாத ஊர்கள், பேக்கேஜ் முடிந்த மறுநாள் ஒரு ஆள் இல்லை, கடைசியில் அது போலிக் கேட்பு என்று சொல்லிப் பாட்டையே தூக்கிவிட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் ராயல்டி, அதற்கு ஆசைப்பட்டுத்தான் அந்தக் குழியில் விழுந்தோம். பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கிற பேண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பணம் பேபால் என்கிற ஆன்லைன் பணச் சேவை வழியாக வருகிறது, பேபாலோ 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளேயே அனுப்புகிற பணத்தை நிறுத்திவிட்டது. ஜெர்மனிக்காரர் வாங்கலாம், பக்கத்து ஊர் சித்தூர்க்காரர் வாங்குவதுதான் பாடு.

சரி, மில்லுக்கு வருவோம். வாடகையோடு போஸ்டர் வேலையையும் அண்ணனே செய்து தருகிறார். நாங்கள் எழுதிக் கொடுத்தது "புராக்ரெசிவ் ராக் நைட்". அதைப் படித்துவிட்டு, "இதைப் போட்டா நம்ம ஊர்ல யாருக்குத் தம்பி புரியும், நீங்க எத்தனையில வாசிக்கிறீங்க" என்று கேட்டார். பெரிய பாட்டு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கையில் போகிறது, தகிட தகதிமி, கர்நாடக சங்கீதத்து மிஸ்ர சாப்பு தாளம்தான் என்றோம். மனிதர் தமிழிலும் மலையாளத்திலும் "ஏழு எண்ணிக்கையில் கிடார் கச்சேரி, ஒரு பாட்டு 14 நிமிடம்" என்று பெரிய எழுத்தில் அடித்து, டீக்கடை, கோயில் ஆலமரம், பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார். பாட்டு நீளம் என்பதை நாங்கள் இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்தோம், அவர் அதையே விளம்பரம் ஆக்கிவிட்டார்!

வந்தது யார் என்கிறீர்கள்? கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்த கறுப்பு டி-ஷர்ட் பசங்கள் பத்துப் பதினைந்து பேர், அவர்களுக்கு மதர்ஜேன், அகம் மாதிரி ராக் பேண்டுகள் எல்லாம் அத்துப்படி. மீதி முப்பது சொச்சம் பேர் உள்ளூர்க்காரர்கள். வேல, பூரம் என்று கோயில் திருவிழா பார்த்து வளர்ந்தவர்கள், தாயம்பகை என்கிற செண்டைக் கச்சேரிக்கு மணிக்கணக்கில் நிற்கிறவர்கள். கோயில் செண்டை மேளமான பாண்டி மேளத்தில் தாளச் சுற்று 56, 28, 14 எண்ணிக்கை என்று பாதி பாதியாகச் சுருங்கி ஏழில் வந்து முடிகிறதைக் காதால் எண்ணத் தெரிந்தவர்களுக்கு நம்முடைய 14 நிமிடம் எம்மாத்திரம். முன் வரிசையில் மல்லு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், பாட்டு ஆரம்பித்ததும் முழங்காலில் விரலை வைத்தார், எடுக்கவே இல்லை. முடிந்ததும் டிரம்மரைக் கூப்பிட்டு, "நடுவுல ஒரு அடிய முழுங்கிட்டு அடுத்த சுத்துல சேத்துட்டீங்களே தம்பி" என்றார். உண்மைதான். மேடையில் இருந்த எங்களில் இரண்டு பேருக்கே அது தெரியாது.

டிக்கெட் 150 ரூபாய், டீயும் பருப்பு வடையும் அதற்குள். வடை ரொம்ப சுமார். பாட்டை இறக்கிக்கொள்கிற டவுன்லோட் கோடு அச்சடித்த அட்டையை 100 ரூபாய்க்கு வாசலில் வைத்தோம், பணம் கட்ட க்யூஆர் ஒட்டி. 19 அட்டை போனது, பேபால் தொல்லையும் தீர்ந்தது. பெரியவர் போன் கொண்டு வரவில்லை, ரொக்கமாகக் கொடுத்து, பேரனிடம் போடச் சொல்கிறேன் என்று இரண்டு வாங்கிக்கொண்டார்.

அங்கே வாசிக்கப் போகிற பேண்டுகளுக்கு ஒரு வார்த்தை. ஐந்து மணிக்கே தொடங்குங்கள். முதல் தடவை ஆறரைக்குத் தொடங்கி, எட்டு மணி பஸ்ஸுக்காகப் பாதிச் சபை நடுப்பாட்டில் எழுந்து போனது, அவ்வளவு மரியாதையாக, குனிந்துகொண்டே. அப்புறம் ஒரு டெஸ்டரும் நீளமான எர்த் ஒயரும் கையோடு எடுத்துப் போங்கள். அண்ணன் அடுத்த மாதம் சரி செய்கிறேன் என்றுதான் மூன்று தடவையும் சொன்னார்.