ஓரத்தைப் பார்த்துத் தறியைச் சொல்லலாம்: குழித்தறி, நாடா விசைத்தறி, ரேப்பியர்

மதுரைக் கடைத்தெருவில் பருத்திச் சேலை வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தையும் பிறகு முந்தியையும் பார்ப்பார்கள். நெசவு தெரிந்தவர்களோ சேலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஊடை நூல், அதாவது துணியின் அகலவாக்கில் ஓடும் இழை, வலப்பக்கம் போய், அங்கே மடங்கி, அறுபடாமல் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அந்தத் துணியில் ஊடையைச் சுமந்துகொண்டு போய்வரும் கட்டையான நாடா ஓடியிருக்கிறது. ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பிசிறாக நிற்க, அது கழன்றுவிடாமல் மெல்லிய இழைகள் இரண்டு ஒன்றோடொன்று முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நாடா இல்லாத தறியில், பெரும்பாலும் கைபோன்ற கம்பிகள் நூலைப் பிடித்துக் கொண்டுபோகும் ரேப்பியரில், நெய்யப்பட்டது. செல்லூரிலும் சின்னாளப்பட்டியிலும் பழைய தறியை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் நிமிடத்துக்கு எத்தனை ஊடை என்ற ஒற்றை எண்ணை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அந்த எண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஊடை ஓரத்தில் எப்படித் திரும்புகிறது, ஒரே வரிசைக்குள் நிறம் எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் தறி வாங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பதைப் போன்றது.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். ஐந்தரை மீட்டர் சேலையில் அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் மொத்தம் ஏறத்தாழ 13,000 ஊடை ஆகிறது. குழிக்குள் காலை வைத்து மிதிக்கும் கைத்தறியான குழித்தறியில் கயிறு இழுத்து நாடாவைத் தள்ளும் கை நிமிடத்துக்கு 40 ஊடை போடும் என்று வைத்துக்கொண்டால் இடைவிடாத ஐந்தரை மணி நேர வேலை. தார் (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, நெய்த துணியைச் சுற்றிக்கொண்டு நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளைத் தளர்த்துவது எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாள் போய்விடும். நிமிடத்துக்கு 120 ஊடை ஓடும் சாதா விசைத்தறியில் அதே சேலைக்கு 108 நிமிடம். நிறுத்தங்களைச் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் என்று கொள்ளலாம். 240 ஊடை ஓடும் ரேப்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அதோடு, அகலமான ரேப்பியரில் இரண்டு சேலைகளை அருகருகே நெய்து நடுவில் வெட்டிப் பிரித்துக்கொள்ளவும் முடியும். எண்ணை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாடாவைக் கையால் கோத்து வாங்காமல் கயிற்றால் வீசும் முறைக்கு ஜான் கே 1733இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1785இல் கார்ட்ரைட் விசைத்தறிக்குப் பெற்றார். விசைத்தறியிலும் வீச்சு மாறவில்லை, வீசுகிற கைதான் மாறியது. 80ஆம் நம்பர் என்னும் மெல்லிய நூலில் 48 அங்குல அகலத்துக்கு ஒரு ஊடையின் எடை சுமார் 9 மில்லிகிராம்தான். அந்த 9 மில்லிகிராமைக் கொண்டுசேர்க்க அரைக் கிலோவை நெருங்கும் நாடாவை எறிந்து, மறுபக்கம் பிடித்து நிறுத்தி, மீண்டும் எறிகிறோம். தறிக்கூடம் இருக்கும் தெருவில் காதைத் துளைக்கும் சத்தம் பெரும்பாலும் இந்த எறிதலும் நிறுத்தலும்தான். ரேப்பியரில் எறிதல் கிடையாது. இரண்டு பக்கமிருந்தும் வரும் இரண்டு கைகளில் ஒன்று நூலின் நுனியை நடுவரை கொண்டுவர, மற்றது அதை வாங்கிக்கொண்டு போகிறது. நூலைச் சுமக்கும் பொருள் குறைந்ததால் வேகம் கூடியது. ஆனால் நூல் திரும்பி வருவதில்லை என்பதால் ஒவ்வொரு ஊடையையும் வெட்ட வேண்டியிருக்கிறது, வெட்டிய நுனியைப் பிடித்துக்கொள்ளப் போலி ஓரம் ஒன்று வேண்டியிருக்கிறது, அந்தப் போலி ஓரம் இரண்டு மூன்று அங்குல நூலோடு கழிவாகப் போகிறது. விலையுயர்ந்த நூலில் இந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காதவர்கள் மாதக் கடைசியில் குழம்புகிறார்கள்.

இப்போது கோர்வைக்கு, அதாவது உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடையில் நெய்து கோப்பதற்கு, வருவோம். இந்த ஒப்பீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. பச்சை உடலுக்குச் சிவப்புக் கரை வேண்டும், இரண்டும் ஒன்றில் ஒன்று கலக்காமல் கத்தியால் கீறியதுபோல் பிரிந்து நிற்க வேண்டும் என்றால், உடலுக்குப் பச்சை ஊடையும் இரண்டு கரைகளுக்கும் தனித்தனியே சிவப்பு ஊடையும் போக வேண்டும். குழித்தறியில் இதற்கு மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. பல வீடுகளில் இதற்காகவே பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். விசைத்தறியோ ரேப்பியரோ எதுவானாலும் ஊடை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறமாகப் போவதால், சிவப்புப் பாவின் மேல் பச்சை ஊடை படிந்து கரை மங்கிப்போகும். கரையின் பாவை மட்டும் நெருக்கமாக அடைத்து, சாட்டின் கட்டமைப்பில் மேலெழுப்பி, ஊடையை அடியில் மறைத்துவிடும் உத்தி இருக்கிறது. முகப்பில் அது நன்றாகவே தெரிகிறது. சேலையைத் திருப்பிப் பார்த்தால் மறைத்த பச்சை வெளியே வந்துவிடும்.

சேலையின் உடலில் ஆங்காங்கே நெய்யும் பூவான புட்டாவிலும் இதே கதைதான். கைத்தறியில் பூ இருக்கும் இடத்தில் மட்டும் சின்னத் தாரால் ஊடையைச் செருகித் திருப்பினால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும். விசையில் புட்டா நூல் அகலம் முழுவதும் ஓடி, பூவுக்கும் பூவுக்கும் இடையே பின்பக்கம் தொங்குவதை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய நுனிகள் சில துவைப்புக்குப் பின் கழலத் தொடங்கும். கடைக்காரர் முகப்பை மட்டும் விரித்துக் காட்டும்போது நான் பின்பக்கத்தைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டம் போட்ட லுங்கி, துண்டு என்று வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே நிறம் வரிசைக்குள் மாறுவதில்லை, வரிசைக்கு வரிசை மாறுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும் நாடாப் பெட்டி வைத்த விசைத்தறியில், போன நாடா திரும்பி வந்தால்தான் அடுத்த நிறத்தை எடுக்க முடியும் என்பதால், ஒவ்வொரு நிறத்தையும் இரட்டைப்படை ஊடையாகவே போட முடியும். ரேப்பியரில் நான்கு, ஆறு, எட்டு நிறங்களை வரிசையாக வைத்து ஒற்றை ஊடையாகக்கூட மாற்றலாம். நுணுக்கமான கட்டமும் சட்டைத் துணியும் நெய்ய விரும்புகிறவருக்கு ரேப்பியர் நியாயமான தெரிவு.

துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் நனைத்துப் புள்ளி எடுக்கும் சுங்குடிக்கு வேறு கணக்கு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் மதிப்பு முடிச்சிலும் சாயத்திலும் இருக்கிறது. அடித்துணி சாதா நெசவுதான். ஆகவே அடித்துணி எந்தத் தறியிலிருந்து வந்தது என்பதைவிட அதில் எவ்வளவு கஞ்சி இருக்கிறது என்பதே முக்கியம். விசைத்தறியில் பாவு அதிகமாக உரசுவதால் கஞ்சியும் பலமாக ஏற்றப்படுகிறது. அதை முழுவதும் நீக்காமல் சாயத்தொட்டியில் இறக்கினால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். நன்றாகக் கஞ்சி நீக்கிய விசைத்தறித் துணி, சரியாக நீக்காத கைத்தறித் துணியைவிடச் சுங்குடிக்கு ஏற்றது என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம்; ஆனால் முடிச்சு கையால் போடப்பட்டதா, அச்சில் இறக்கிய புள்ளியா என்று பார்ப்பதே அந்தச் சேலைக்குச் செய்யும் மரியாதை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியோ வேகத்துக்கென்றே பிறந்தது; ஊடை இடைவெளி விட்டு நிற்கும் அந்தத் துணிக்குக் கைத்தறியை யாரும் நினைப்பதில்லை. ஊடையை நீரால் பீச்சி அனுப்பும் தறி பாலியெஸ்டருக்குத்தான், பருத்திக்கு ஆகாது. காற்றுப் பீச்சித் தறிக்குக் கம்ப்ரசரே ஒரு தனி முதலீடு என்பதால் வீட்டோடு சேர்ந்த கூடங்களுக்கு அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. 2023இல் அறிவித்தபடி தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 375 யூனிட் வரும். ஆக இரண்டு சாதா விசைத்தறிகள் தாராளமாக அடங்கும், மூன்றாவது தொடும்போது கட்டணம் தொடங்கும். ரேப்பியரின் மோட்டார் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதை எந்த நேரமும் ஓடவைக்கும் அளவுக்கு ஆர்டர் இல்லாதவர் வாங்கினால், வேகமே சுமையாகிவிடும்.

நான்காவது வழி ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: கைத்தறியை வைத்துக்கொண்டே, வடிவத்துக்கேற்பப் பாவு இழைகளைத் தூக்கும் அதன் ஜக்கார்டு பெட்டியை மாற்றுவது. 1804இல் லியோனில் ஜக்கார்டு செய்த பெட்டியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வேண்டும்; 400 ஊடை நீளமுள்ள பூவுக்கு 400 அட்டை குத்திக் கோக்க வேண்டும். மின்னணு ஜக்கார்டில் அட்டை கிடையாது, வடிவம் கோப்பாகப் போகிறது; பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்காமல் மோட்டார் தூக்கும் அமைப்பும் இருக்கிறது. முழங்கால் வலியால் தறியை விட்டு இறங்கியவர்களை இது மறுபடி உட்காரவைக்கக்கூடும். தறி, துணைக் கருவிகளுக்கு விலையில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும் கைத்தறித் திட்டமும் இருக்கிறது. ஊடை திரும்புவதும் கோர்வை கோப்பதும் கையிலேயே இருக்க, தூக்குவது மட்டும் இயந்திரத்துக்குப் போகிறது; பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கத்து நெசவாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செல்லூரில் நான்கு தறி போடும் அளவுக்கு இடம் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், துண்டுக்கும் லுங்கிக்கும் இரண்டு விசைத்தறி, கோர்வைக்கு மின்னணுப் பெட்டி பொருத்திய ஒரு கைத்தறி என்று சொல்வேன். உறுதியான ஆர்டர் கையில் இருந்தால் மட்டுமே நான்காவது இடத்தில் ரேப்பியர். அதுவும் பழைய தறி என்றால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். கைத்தறிக்கு விட்ட குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறும் என்று சொல்லிச் சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். பக்கச் சுவரைப் பூசி, தரையை ஒரு சாண் உயர்த்தினாலே போதும். மூடிய குழியை மறுபடி தோண்டிய வீடு ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.